பக்கத்துல ஓடுனவன் பேரையும் போடுங்கய்யா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல எங்க பக்கத்து மாரத்தான் பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீக, கலர் போட்டோவோட, பனியன்ல நம்பர குத்திக்கிட்டு பசங்களும் பொண்ணுகளும் ஓடுறது பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, அத நான் குத்தம் சொல்ல வரல. ஆனா அதுல ஒரு வரி, செட்டிநாட்டுக்கு ரோட்டுல நெடுந்தூரம் ஓடுற பந்தயம்ங்கிறதே புதுசுன்னு எழுதியிருந்தீக பாருங்க, அத படிச்சதும் டீ கிளாஸ கீழ வச்சுட்டேன். எம் மருமகன் கேக்குறாரு, ஏன் மாமா முகம் இப்படிப் போச்சுன்னு. நான் ஓடுனது அப்ப என்னய்யா?

நான் கல்லல் பக்கம். 1980கள்ல ஒரு ஆறேழு வருசம் மாட்டு வண்டி எல்கைப் பந்தயத்துல துணை சாரதியா, அதான் மாட்டுக்குப் பக்கத்துல ஓடுறவனா இருந்தேன். துணை சாரதின்னா யாருன்னு உங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறேன், தெரிஞ்சிருந்தா அந்த வரிய எழுதியிருக்க மாட்டாக, அதான் கொஞ்சம் நீட்டியே எழுதுறேன், வெட்டிப் போட்டாலும் பரவால்ல, ஆனா நீங்க ஒரு தடவ முழுசா படிச்சிருங்க.

மொதல்ல ஒன்னு. எங்க ஊரு பந்தயத்துக்கும் ரேக்ளான்னுதான் தலைப்பு போடுறீக. கோயம்புத்தூர் பொள்ளாச்சி உடுமலைப் பக்கம் நடக்குறது வேற, அங்க 200 மீட்டர் 300 மீட்டர், ஒவ்வொரு வண்டியா விட்டு எத்தன செகண்டுன்னு டைம் பாப்பாங்க, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும். அதுவும் நல்ல பந்தயந்தான். ஆனா சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரைப் பக்கம் அப்படி இல்ல. எல்லா வண்டியும் ஒன்னா வரிச கட்டி நிக்கும், கொடியசைச்சா கெளம்பும், மைல் கணக்குல ரோட்டுல போயி எல்கைய, அதான் திரும்புற எடத்தத் தொட்டுட்டு அதே ரோட்டுல திரும்பி வரணும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டுன்னு உயரத்தப் பாத்து பல்லப் பாத்து பிரிப்பாக, மாட்டுக்குத் தகுந்த தூரம், பெரிய மாட்டுக்கு போக வர 8 மைலுன்னா நடு மாட்டுக்கு அதுல ஒரு மைலு ரெண்டு மைலு கம்மியா இருக்கும். வண்டி ரொம்ப வந்துருச்சுன்னா சீட்டு குலுக்கி ரெண்டு பிரிவா விடுவாக. இதெல்லாம் வாரா வாரம் உங்க பேப்பர்லயே ஓரத்துல நாலு வரியா வருது, எங்க பக்கத்து ஆளுக அதத்தான் மொதல்ல படிக்கிறது, தங்கம் வெல எல்லாம் அதுக்கப்பறந்தான்.

மைலுன்னு சொன்னேன் பாத்தீகளா. இந்த நாட்டுல 1956ல சட்டம் போட்டு மெட்ரிக் கணக்குக்கு மாறி, ரோட்டோரத்து மைல் கல்லெல்லாம் கிலோமீட்டர் கல்லா ஆகி எவ்வளவோ காலமாச்சு, எம் பேரனுக்கு மைலுன்னா வண்டிக்கு மைலேஜ்தான் தெரியும். ஆனா பந்தய நோட்டீஸ்ல மட்டும் இன்னைக்கும் போக வர 8 மைல், போக வர 6 மைலுன்னுதான் அடிக்கிறாக, ஒரு ஊர்லயும் கிலோமீட்டர்னு போட்டு நான் பாத்ததில்ல. 8 மைலுன்னா 13 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கொறையும். உங்க மாரத்தான்ல அந்தப் பசங்க ஓடுனது 10 கிலோமீட்டர்.

எல்கைங்கிற பேரையும் சொல்லிர்றேன். எல்லையத்தான் எங்க பக்கம் எல்கைம்பாக, ஆதியில அடுத்த ஊரு எல்கை எங்க ஆரம்பிக்குதோ அங்கன போயி திரும்புறதுதான் போல, தூரத்த அளந்து மைல் கணக்கு போட்டதெல்லாம் அப்பறமா இருக்கும். இதுல சிரிப்பு என்னன்னா மாரத்தான் கதையும் அதேதான்னு பி.டி. சார் ஒருத்தர் சொன்னாரு. 1896ல ஏதென்ஸ்ல ஓடுனப்ப ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தானாம், 1908ல லண்டன்ல ஒலிம்பிக் வச்சப்ப ராஜா அரண்மனையில இருந்து கெளம்பி மைதானத்துல ராஜா குடும்பம் உக்காந்திருக்குற எடத்துக்கு முன்னாடி முடியிற மாதிரி ரோட்டப் போட்டிருக்காக, அது 42.195 கிலோமீட்டர் வந்துச்சு, 1921ல அதையே உலகத்துக்கு கணக்குன்னு ஆக்கிட்டாக. ஏறக்குறைய காரைக்குடியில இருந்து புதுக்கோட்டை தூரம். அவுகளுக்கு ராஜா உக்காந்த எடம் எல்கை, எங்களுக்கு அய்யனார் நிக்கிற எடம்.

சரி, துணை சாரதிக்கு வர்றேன்.

பந்தய வண்டின்னா பெட்டியெல்லாம் கெடையாது, ரெண்டு சக்கரம், அச்சு, ஏர்க்கால், நுகத்தடி, ஆளு தொத்திக்க கொஞ்சூண்டு எடம், அம்புட்டுத்தான். சாரதி கயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. துணை சாரதி மாட்டுக்குப் பக்கத்துல ஓடணும். மாடு பாயும்போது கூட ஓட மனுசனால முடியாது, அப்ப பின்னாடி தொத்தி ஏறிக்கணும். மாடு சொணங்குச்சுன்னா குதிச்சு எறங்கணும், எறங்கி எடத்த மாடு சொணங்குதா வலத்த மாடு சொணங்குதான்னு பாத்து அந்தப் பக்கமா ஓடி, தட்டிக்குடுத்து, சத்தங்குடுத்து, மறுபடி அதுக்கு வேகம் வந்ததும் ஏறிக்கணும். மேடு வந்தா கண்டிப்பா எறங்கணும், ஒரு ஆளு கனம் கொறஞ்சாலே மாடு மூச்சு விடுறது மாறும். 8 மைலும் ஓடுனேன்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா பாதிக்கு மேல ஓட்டந்தான், அதும் ஒரே சீரா ஓடுற ஓட்டமில்ல, உயிரக் குடுத்து ஒரு ஓட்டம், ஏறி உக்காந்து நாலு மூச்சு, மறுபடி குதிச்சு ஓட்டம். இப்ப கோச்சுங்க இத இன்டர்வல்னு பேரு வச்சு விசில் ஊதி சொல்லித் தர்றாகளாம். எங்களுக்கு விசில் கெடையாது, மாட்டோட மூச்சுதான்.

அதுவும் வெறுங்காலு. செருப்பு போட்டா குதிக்கிறப்ப வழுக்கும், ஷூ வாங்க யாருக்கு வக்கு இருந்துச்சு. செம்மண் சரள ரோட்டுல ஓடுன காலம் எங்க சித்தப்பா காலம், சரள குத்துனாலும் சூடு தெரியாதும்பாரு. நாங்க ஓடுனது தார் ரோடு, காலையில பந்தயம்னு பேரு, மேடையில ஒவ்வொருத்தரா பேசி முடிச்சு துண்டு போத்தி கொடியசைக்கிறதுக்குள்ள வெயில் உச்சிக்கு ஏறிரும். ராத்திரி எங்க ஆத்தா உள்ளங்காலுல வெளக்கெண்ணெய் தடவிக்கிட்டே திட்டும், மாட்டுக்கு லாடம் அடிக்கிறீக ஒனக்கும் ஒரு லாடத்த அடிச்சுக்க வேண்டியதுதானடான்னு. மாட்டுக்கு ஒரு காலுக்கு ரெண்டு லாடம், குளம்பு ரெண்டா பொளந்திருக்குல்ல, ஒரு மாட்டுக்கு 8, ஜோடிக்கு 16. லாடம் கட்டுறவருக்கு மாட்ட கயித்துல சாய்ச்சு படுக்க வச்சு தலைய அமுக்கிப் புடிக்கிறதும் எங்க வேலதான்.

ஒரு பந்தயம் மட்டும் சொல்றேன். திருவிழாவுக்கு நடந்தது, பெரிய மாடு, நாங்க போகையில நாலாவதா போயிக்கிட்டிருந்தோம். எல்கையில ஒரு டிரம்ம வச்சிருப்பாக, அதச் சுத்தி வண்டியத் திருப்பணும், அங்கன நிக்கிற ஆளு கையில இருந்து கொடி வாங்கிட்டு வரணும், கொடி இல்லாம வந்தா எல்கைக்குப் போகவே இல்லன்னு ஆயிரும். மொதல்ல கொடி வாங்குறவுகளுக்கு கொடிப் பரிசுன்னு தனியா உண்டு. முன்னாடி போன மூணு வண்டியும் திருப்பத்துல ஒன்னுக்கொன்னு மொடங்கி நின்னுச்சு. நான் குதிச்சு உள்பக்கத்து மாட்டோட மூக்கணாங்கயித்தப் புடிச்சு, அது நொர மூஞ்சியெல்லாம் அடிக்குது, உப்பும் புல்லுமா ஒரு வாசம், இன்னைக்கும் அந்த வாசம் மூக்குல இருக்கு, அப்படியே டிரம்ம ஒட்டி இழுத்துத் திருப்பிட்டேன், முழங்கை அந்த டிரம்முல ஒரசி தோலு போயிருச்சு, வலது கையில கொடி. சாரதி ஏறுடா ஏறுடான்னு கத்துறாரு. ஏற முடியல. வண்டி எடுத்த வேகத்துல ஒரு பர்லாங்காச்சும், 200 மீட்டர் இருக்கும், பின்னாடியே ஓடுனேன், கொடி எங்கிட்ட இருக்கு, நான் ஏறலைன்னா வண்டி மொதல்ல வந்தாலும் செல்லாது. மேடு வந்து மாடு சொணங்குன பொறகுதான் தொத்துனேன். கடைசியில ரெண்டாவதா வந்தோம்.

மறுநா பேப்பர்ல வந்துச்சு. மாட்டுக்காரர் பேரு, ஊரு பேரு, ரெண்டாம் பரிசு. கொடியசைச்சவர் பேரு ரெண்டு எடத்துல. அந்தத் துண்டு பேப்பர ரொம்ப நாளு பொட்டியில வச்சிருந்தேன், எம் பேரு அதுல இல்ல, ஆனாலும் வச்சிருந்தேன். எனக்குக் கெடச்சது ஒரு துண்டும் பத்து ரூவாயும், அப்பறம் மாட்டுக்காரர் வீட்டுல கறிச்சோறு.

இப்பவும் அதே கதைதான். பரிசுத் தொக பெருசாயிருச்சு, கோப்பை தர்றாக, எல்லாரும் செல்லுல வீடியோ எடுக்குறாக. பேப்பர்ல மாட்டுக்காரர் பேரு வருது, அவரு பொண்ணு பேரு, பேரன் பேரு, குலசாமி பேரெல்லாம் சேத்து ஒரு முழ நீளத்துக்கு வருது, பொறந்து மூணு மாசமான கொழந்த பேருல மாடு அவுத்து மொதப் பரிசு வாங்குது. சில நாளு சாரதி பேரும் வருது. பக்கத்துல ஓடுனவன் பேரு மட்டும் வர மாட்டேங்குது.

நீங்க கேப்பீக, அது மாட்டுப் பந்தயம்தானே, மனுச ஓட்டமான்னு. இந்தப் பக்கத்து ரோட்டுக்கு மனுச காலு புதுசில்லைங்கய்யா. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியில இருந்து பழனிக்கு நடந்து போறது தலமொற தலமொறயா நடக்குது, போறது மட்டுமில்ல, திரும்பி வர்றதும் நட, மத்தவுகெல்லாம் பஸ் புடிச்சிருவாக, அவுக காவடியோட நடந்தே வருவாக. அதுக்கும் முன்னாடி பஸ்ஸு ரயிலு இல்லாத காலத்துல தபால் மூட்டையத் தூக்கிக்கிட்டு சலங்க கட்டுன ஈட்டியோட ஓடுனவுக இருந்தாக, ஒருத்தர் கொஞ்ச தூரம் ஓடி அடுத்தவர் கையில குடுப்பாக. ஸ்கூல் விளையாட்டு விழாவுல நாலு பேரு கட்டையக் கைமாத்தி ஓடுறத அஞ்சலோட்டம்னு சொல்றோமே, அந்த அஞ்சல் சும்மா வந்த வார்த்தையில்ல.

அப்பறம் புதுக்கோட்டைய எடுத்துக்கங்க, எங்க செட்டிநாட்டுல ஒரு பகுதி அந்த மாவட்டந்தான். அந்த மாவட்டத்து ஓட்டக்காரர் லட்சுமணன் 2017ல புவனேஸ்வர்ல ஆசிய தடகளப் போட்டியில 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ரெண்டுலயும் தங்கம் வாங்குனாரு. மறு வருசம் ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ்ல 10,000 மீட்டர்ல மூணாவதா வந்தும் கோட்டுக்கு உள்பக்கம் கால வச்சுட்டாருன்னு வெண்கலத்தப் புடுங்கிட்டாக. அன்னைக்கு எனக்கு அந்த டிரம்மு ஞாபகந்தான் வந்துச்சு, திருப்பத்துல ஒரு அடி உள்ள வச்சா போச்சு. சூர்யா பொண்ணு 2016ல தெற்காசியப் போட்டியில 5,000லயும் 10,000லயும் தங்கம். சாந்தி 2006 தோஹாவுல 800 மீட்டர்ல வெள்ளி, அப்பறம் பொண்ணுதானான்னு சோதன வச்சு அந்த மெடலப் புடுங்குன கொடுமையப் பேசுனா இந்தக் கடுதாசி பத்தாது. இவுகள்லாம் மாட்டுக்குப் பின்னாடி ஓடி வந்தவுகன்னு நான் சொல்லல. இந்த மண்ணுல ஓடுற காலு முளைக்குதுங்கிறேன், அவ்வளவுதான். ஷூ இல்லாம ஓடுனா சிரிக்கிறவுகளுக்கு ஒன்னு, பீகார்ல இருந்து வந்த ஷிவ்நாத் சிங் வெறுங்காலுக்குப் பேரு போனவரு, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தான்ல 11ஆவது, 1978ல ஜலந்தர்ல 2 மணி 12 நிமிசத்துல ஓடுனாரு, அந்த நேரம் பல பத்து வருசம் இந்திய ரெக்கார்டா அசையாம நின்னுச்சு.

இன்னொன்னையும் நீங்க எழுதவே இல்ல. ஜல்லிக்கட்டு கேஸ் ஜல்லிக்கட்டு கேஸுன்னு இத்தன வருசம் எழுதுனீகளே, அது ஆரம்பிச்சதே எங்க மாட்டு வண்டிப் பந்தயத்துலதான். 2006ல ராமநாதபுரம் மாவட்டத்துல ஒருத்தர் பந்தயம் நடத்த அனுமதி கேட்டு மதுரை ஹைகோர்ட் கிளைக்குப் போனாரு, அவரு கேட்டது வண்டிப் பந்தயம், தீர்ப்புல வண்டிப் பந்தயத்தோட ஜல்லிக்கட்டும் சேந்து நின்னு போச்சு. மறு வருசம் பெரிய பெஞ்சுல அது மாறுச்சு. அப்பறம் 2014 மே 7ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ரெண்டுக்குமே தடை போட்டுச்சு. 2017 தையில மெரினாவுல கூடுனாக, சட்டம் வந்துச்சு. அந்தச் சட்டத்துல ஜல்லிக்கட்டு இருக்கு, மஞ்சுவிரட்டு இருக்கு, வடமாடு இருக்கு, எருது விடும் விழா இருக்கு, தேடிப் பாருங்க, வண்டிப் பந்தயம்னு ஒரு வார்த்த இல்ல. கேஸ ஆரம்பிச்சு வச்சவன் பேரே பந்தியில இல்ல. 2023 மே 18ல அஞ்சு நீதிபதிக பெஞ்சு அந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு, சந்தோசந்தான், ஆனா இடையில பந்தயம் நின்னு நின்னு நடந்த அந்த வருசங்கள்ல எத்தன ஜோடி மாடு அடிமாட்டு லாரியில ஏறுச்சுன்னு எங்களுக்குத்தான் தெரியும்.

கோர்ட்டு சொன்னதெல்லாம் தப்புன்னும் நான் சொல்ல மாட்டேன். வால முறுக்குறது, வால கடிக்கிறது, தார்க்கம்புல ஆணி வச்சுக் குத்துறது எல்லாம் நடந்துச்சு. ஆணிக் கம்பு கூடாதுன்னு 1965லயே வண்டி மாட்டுக்கு விதி இருக்கு, எனக்கு அப்ப தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் அந்த வயசுல கேட்டிருப்பேனான்னு தெரியல. நானும் ஒரு தடவ குத்தியிருக்கேன். மாடு ஓடல, திரும்பி என்னயப் பாத்துச்சு. அதுக்கப்பறம் கம்பு எடுக்கல, கையால தட்டுறதோட சரி. இப்ப அதவிட எனக்குப் பெரிய எரிச்சல், வண்டிக்குப் பின்னாடி நூறு பைக்குல ஹாரன் அடிச்சுக்கிட்டு வர்றானுகளே அதான், மாடு மெரளுது, நடுவுல ஓடுற பையன் விழுந்தா பின்னாடி வர்ற பைக்கு அவன் மேல ஏறும். எங்க சொந்தத்துல ஒரு பையனுக்கு அப்படித்தான் கணுக்கால் போச்சு, இன்னும் விந்தி விந்தித்தான் நடக்குறான். அவன் பேரும் எந்தப் பேப்பர்லயும் வரல, ஓடுனப்பவும் வரல விழுந்தப்பவும் வரல.

அதனால நான் கேக்குறது பெரிசா ஒன்னுமில்ல. அடுத்த பந்தயத்துக்கு ஆள அனுப்புறப்ப மேடைக்கிட்ட நிக்க வேணாம்னு சொல்லுங்க, எல்கையில போயி நிக்கச் சொல்லுங்க, அங்கனதான் பந்தயம். மொத நாலு பரிசு போடுறீகள்ல, மாட்டுக்காரர் பேரு, சாரதி பேரு, அதோட துணை சாரதி பேரு ஊரு, அரை வரிதான் கூட வரும். எடம் இல்லைன்னா கொடியசைச்சவர் பேர ஒரு எடத்துல மட்டும் போட்டுக்கங்க. மாரத்தான்ல கடைசியா வந்த பையனுக்குக் கூட நம்பரு, நேரம், மெடலுன்னு எல்லாம் எழுத்துல இருக்கு, நல்லது, இருக்கட்டும்.

எனக்குத் தெரிஞ்ச பழைய துணை சாரதிக பேர எல்லாம் ஒரு 80 பக்க நோட்டுல எழுதிக்கிட்டு வர்றேன், எந்த ஊரு, யாரு மாட்டோட ஓடுனாக, எந்த ரோடுன்னு. பாதிப் பேரு போயிட்டாக, இருக்குறவுக வீட்டுக்கு சைக்கிள்ல போயி கேட்டு எழுதுறேன், ரெண்டு பேருக்கு முழங்கால் போயி எந்திரிக்கவே முடியல ஆனா பந்தயத்தப் பத்திக் கேட்டா கட்டில்ல நிமிந்து உக்காந்துர்றாக. உங்க ஆளு யாராச்சும் வந்து பாக்குறதுன்னா கல்லல் பஸ் ஸ்டாண்டுல எறங்கி பழைய வண்டிப் பந்தயக்காரர் வீடுன்னு கேட்டா போதும். காலையில பத்து மணிக்கு முன்னாடி வரச் சொல்லுங்க, அதுக்கு மேலன்னா நான் நோட்டத் தூக்கிக்கிட்டு சைக்கிள்ல கெளம்பிருவேன்.

இப்படிக்கு
ஒரு பழைய துணை சாரதி
கல்லல் பக்கம், சிவகங்கை மாவட்டம்